சொட்டு சாரின் ஒரு லிட்டர்

என் அக்காவைக் கட்டியவருக்கு ஊரில் சொட்டு சார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அத்தானும் அதை ஏதோ கூப்பிட்டுக் கொடுத்த பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டு, நின்று திரும்பிப் பார்ப்பார். அளவைகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. எண்ணெய்க் கடை, பால் கடை, பெட்ரோல் பங்க் என்று போய், அங்கே இருக்கிற லிட்டர் உண்மையிலேயே லிட்டர்தானா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு வேலையா என்று நான் அவர் எதிரிலேயே கேட்டிருக்கிறேன். இது இல்லாவிட்டால் நீ அளந்து வாங்கியது எதுவுமே நிஜமில்லை என்று பதில் சொன்னார்.

அந்தப் பெயர் வந்த கதை சுலபம். ஒரு பாத்திரம் எவ்வளவு கொள்கிறது என்பது ஒன்று, கவிழ்த்தால் எவ்வளவு கொடுக்கிறது என்பது வேறொன்று. நடுவில் கொஞ்சம் அதன் உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால் சோதிக்கும் முன் அளவையை ஒரு தரம் நனைத்து, ஊற்றி, அரை நிமிடம் தலைகீழாகப் பிடித்துச் சொட்டவிட வேண்டும் என்பது அவர்கள் விதி. மற்ற ஆய்வாளர்கள் கவிழ்த்து ஓர் உதறு உதறிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். இவர் அப்படியே பிடித்துக்கொண்டு பாத்திரத்தின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நிற்பார். கடைக்காரர் நிற்பார், வாங்க வந்தவர்கள் நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னால் தெருவே நிற்கும். கடைசிச் சொட்டு விழுந்தால்தான் இவர் மூச்சு விடுவார்.

வீட்டிலாவது சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. நான் அதே வீட்டின் கீழ் போர்ஷனில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். என் மகளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து, ஐந்து மில்லி மருந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒருவழியாகக் குடித்து முடித்தது. அத்தான் அந்தச் சின்ன மூடியை வாங்கி, அதில் தண்ணீர் விட்டு அலசி, ஒட்டிக்கொண்டிருக்கிற மருந்தும் உள்ளே போனால்தான் ஐந்து மில்லி என்று அதையும் குடிக்க வைத்தார். அன்றையிலிருந்து பெரியப்பாவைக் கண்டால் என் மகள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

அவர் வாழ்க்கையின் பெருமை ஓர் எண்ணெய்க் கடைக்காரர். அந்த மனிதர் மெழுகை உருக்கி, பித்தளை நிறம் வருவதற்கு அதில் மஞ்சள்தூள் கலந்து, தன் லிட்டர் அளவையின் அடியில் ஊற்றி ஆறவைத்திருந்தார். பார்த்தால் பாத்திரத்தின் அடி மாதிரியே இருக்கும். மெழுகு அடைத்துக்கொண்ட இடத்தில் எண்ணெய் விழாது, அவ்வளவுதான் வித்தை. மற்றவர்கள் எல்லாம் அந்த அளவைக்கு முத்திரை குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் கையில் தூக்கியதுமே கனத்தில் ஏதோ இடறி, விரலை விட்டு அடியைச் சுரண்டியிருக்கிறார். நகத்தில் மஞ்சள் ஏறியது. இந்தக் கதையை அவர் விருந்தாளிகளுக்குச் சொன்னார், வாடகை வாங்க வந்த வீட்டுக்காரருக்குச் சொன்னார், யாரும் கிடைக்காத நாளில் அக்காவுக்கே சொன்னார். அக்கா காய் நறுக்கிக்கொண்டே "ம்" கொட்டுவாள். அந்த ம்-முக்கு அர்த்தமே கிடையாது என்றுதான் நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெறும்போது மற்றவர்களுக்குக் கடிகாரம் கொடுப்பார்கள். இவருக்கு, கைப்பிடி உடைந்து கழித்துப்போட்ட ஒரு பித்தளை லிட்டர் அளவையைப் பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். அதை ஷோகேஸில் வைத்தார். இனி யாருடைய லிட்டரையும் பார்க்க வேண்டாம் என்று அக்கா நிம்மதியாக இருந்தாள்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. அவருடைய கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பு நுழையவில்லை. அப்புறம் படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே தூங்கினார். அக்கா அந்த வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்து, எழும்பாமல் அப்படியே இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். எங்கள் அப்பா போனது இதே வீக்கத்தில்தான். அப்போது எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பா தாகம் தாகம் என்று கேட்க, கேட்டபோதெல்லாம் டம்ளர் டம்ளராகக் கொடுத்தவள் அக்கா. பக்கத்திலேயே உட்கார்ந்து, பாசமாக, வாயைத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். அந்தத் தண்ணீர்தான் அப்பாவின் நெஞ்சை அமுக்கியது என்று பின்னால்தான் தெரிந்தது. அதைப் பற்றி அவள் இன்றுவரை வாய் திறந்ததில்லை.

அத்தானைப் பார்த்த டாக்டரம்மா விவரமாகச் சொன்னார். இதயம் பலவீனம். உள்ளே போகிற தண்ணீரை வெளியே தள்ள முடியவில்லை. நாளைக்கு ஒரு லிட்டர்தான். தண்ணீர், டீ, பால், சூப், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர். அதற்கு மேல் போனால் திரும்ப இங்கேதான் வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போவோம் என்று சொல்ல முடியாது. போதாதென்று நர்ஸ் வேறு வந்து, ஆயிரம் சிசி தாண்டக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒருத்தர் ஒன்று என்கிறார், இன்னொருத்தர் ஆயிரம் என்கிறார், எதை நம்புவது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனிதர் எழுந்து உட்கார்ந்தார். என் கைப்பையில் எப்போதும் கிடக்கிற இஞ்ச் டேப்பைக் கேட்டார். அதன் சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்பி, மருந்து வந்த அட்டைப்பெட்டியில் கோடு போட்டு மடித்து, நாலு பக்கமும் பத்து, உயரமும் பத்து என்று ஒரு பெட்டி செய்தார்.

"இதுக்குள்ள ஒரு லிட்டர் பிடிக்கும். இதையே ஒரு சென்டிமீட்டர் கட்டி கட்டியா வெட்டினா ஆயிரம் கட்டி வரும். அந்தக் கட்டிதான் சிசி. மில்லிலிட்டரும் அதே கட்டிதான். நீ என்னை என்னங்கன்னு கூப்பிடுற, இவ அத்தான்ங்கறா, கடைத்தெருவுல சொட்டு சார்ங்கறான். ஆளு ஒண்ணுதானே?"

அக்காவுக்குப் புரிந்தது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஆனால் அதை அவரிடம் ஒத்துக்கொள்ளவில்லை. டேப்பைச் சுருட்டி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஷோகேஸிலிருந்து பித்தளை லிட்டர் இறங்கியது. ஓய்வு பெற்ற மனிதருக்குத் திரும்ப வேலை கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம். காலையில் அதை விளிம்பு வரை நிரப்பி, மேலே ஒரு கண்ணாடித் துண்டைத் தள்ளி, காற்றுக் குமிழி இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, பிறகு ஒரு ஜாடியில் ஊற்றுவார். தலைகீழாக அரை நிமிடம். அந்த ஜாடியிலிருந்துதான் அன்றைய டீக்குத் தண்ணீர், மாத்திரைக்குத் தண்ணீர் எல்லாம். பால் விட்டால் அந்த அளவுக்கு ஜாடியிலிருந்து எடுத்துக் கொட்டிவிடுவார். டம்ளரின் உள்ளே ஒட்டி நிற்கிற சொட்டுகளைத் தான் குடிக்கவில்லை என்றும், சாயங்காலம் அதற்கு ஈடாக ஒரு வாய் தர வேண்டும் என்றும் வழக்காடினார். அக்கா தரவில்லை. மனிதர் உடம்பில் தெம்போடு வழக்காடிய காலத்திலேயே அவள் அசைந்ததில்லை, இப்போது எங்கே அசைவாள்.

ஆனால் தாகம் என்ன சட்டம் படித்ததா? வெயில் ஏற ஏற அவருக்கு நாக்கு மேல்தாடையில் ஒட்டிக்கொண்டது. தெருவில் யாராவது குழாயைத் திறந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அப்போதுதான் இந்தச் சட்ட நிபுணர் ஒரு சந்து கண்டுபிடித்தார். ஒரு மத்தியானம் அவர்கள் சமையலறைக்கு நூல் வெட்டக் கத்தரிக்கோல் தேடிப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருக்கிறது, அத்தானின் இரண்டு கன்னமும் உப்பியிருக்கிறது. கையில் ஐஸ் தட்டு. என்ன அத்தான் இது என்றேன். அவசரப்படாமல் வாயில் இருந்ததைக் கரைத்து விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"ஐஸ் திடப்பொருள். கிலோவுலதான் அளக்கணும். டாக்டர் லிட்டரைப் பத்தித்தான் சொன்னாங்க."

எனக்கு வந்த கோபத்தில் தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, கரைந்தால் அது என்ன கல்லாகவா போகும் என்று கத்தினேன். அக்காவிடமும் போய்ச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள். தினமும் மத்தியானம் ஒரு தட்டு காலியாகிறது என்றும், அவர் அதில் திரும்பத் தண்ணீர் ஊற்றி வைக்கும்போது மட்டும் ஒரு சொட்டுகூடச் சிந்துவதில்லை என்றும் சொன்னாள். கேட்டுச் சண்டை போடக்கூடாதா என்றேன். கேட்டால் ஒளித்துச் செய்வார், இப்போதாவது எங்கே செய்கிறார் என்று தெரிகிறது என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. இவளும் ஒரு பொம்பளையா என்று தலையில் அடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலையில் நான் மேலே போனபோது அத்தான் நிரப்புவதற்காக வெறும் லிட்டரைக் கையில் தூக்கியிருந்தார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் பிடிக்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பியிருந்த அக்காவின் முதுகைப் பார்த்தார். மூச்சு வாங்குகிறதோ என்று நான் பயந்து பக்கத்தில் போனேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு நிரப்பி ஜாடியில் ஊற்றினார். வழக்கம்போல் அரை நிமிடம் கவிழ்த்துப் பிடித்தார். நானும் அதை அங்கேயே மறந்துவிட்டேன்.

மாதங்கள் போயின. என்ன அதிசயமோ, ஐஸ் தின்றுகொண்டே மனிதர் தேறி வந்தார். கால் வடிந்தது, செருப்பு நுழைந்தது, படுத்துத் தூங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா எடை பார்த்து, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, அசந்துபோய்விட்டார். வெளியே பெஞ்சில் காத்திருந்த மற்ற நோயாளிகளைக் கதவைத் திறந்து கூப்பிட்டு, இவரைப் பாருங்கள், ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டும் குடிக்காத மனிதர், இவரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று பாராட்டினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அத்தானைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் அளவைக்கு முத்திரை குத்துவதை வாழ்நாள் முழுக்கத் தடுத்தவருக்கு, தன் நெற்றியிலேயே ஒரு பொய் முத்திரை விழுந்துவிட்டது. அன்றோடு ஐஸை விட்டார்.

விட்டதை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? விட்டதைச் சொல்ல வேண்டுமானால் தின்றதைச் சொல்ல வேண்டும். நேர்மையாகிவிட்ட சந்தோஷத்தில் மத்தியான வேளைகளில் ஃப்ரிட்ஜ் பக்கமே போகாமல் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து உதட்டை நக்கிக்கொண்டிருந்தார். ஐஸ் தட்டைப் பழையபடி தானே கழுவித் தானே நிரப்பி வைத்தார், அதனால் அக்காவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெயில் கொளுத்தியது. நீரை இறக்குகிற மாத்திரை வேறு தன் வேலையைத் தவறாமல் செய்தது. ஒழுங்காக நடக்க ஆரம்பித்த அந்த மாதத்திலேயே ஒருநாள் குளியலறையில் கண் இருட்டி விழுந்தார்.

அக்கா போட்ட சத்தத்தில் நான் மெஷினில் தைத்துக்கொண்டிருந்த துணியோடு ஓடினேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நல்லவேளை, எலும்பு எதுவும் உடையவில்லை. ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா புருவத்தை நெரித்தார். உடம்பு காய்ந்துபோயிருக்கிறது, ஒரு லிட்டர் குடிப்பவருக்கு இப்படி ஆகாதே, எதில் அளக்கிறீர்கள், அந்தப் பாத்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்றார். நான் போகிறேன் என்றேன். நான் கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் நர்ஸ் கூப்பிட, போய்விட்டாள்.

வீட்டில் பித்தளை லிட்டர் அழுக்கேறிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு இப்படியா கொண்டுபோவது என்று, தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்தேன். கொட்டும்போது கனமாக ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு தொட்டியில் விழுந்தது. வட்டமாக, பித்தளை நிறத்தில், விரல் தடிமனுக்கு ஒரு வில்லை. நகத்தால் கீறினேன். மெழுகு. நகத்தில் மஞ்சள் ஏறியது.

மேல் போர்ஷனில் இருப்பது இரண்டு பேர். எண்ணெய்க் கடைக்காரரின் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டு "ம்" கொட்டியவள் ஒருத்திதான். வில்லையை ஒரு துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வழி முழுக்க அக்காவை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா அளவையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் இருந்த அத்தானிடம் கொடுத்து, இதில்தான் அளந்தீர்களா, இது சரியான லிட்டர்தானா என்று கேட்டார். அத்தான் உள்ளே விரலை விட்டார். அடியைத் தடவினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சரியான லிட்டர்தான் டாக்டர். நானே சோதிச்சிருக்கேன்" என்றார்.

அவர் கொடுத்த சான்றுகளிலேயே பொய்யானது அது ஒன்றுதான், மெழுகோடு இருந்தவரை அது லிட்டரே அல்ல. டாக்டரம்மா அதை நம்பினார். சொட்டு சாரை நம்பாமல் யாரை நம்புவது? அப்படியானால் இவர் உடம்புக்கு ஒரு லிட்டர் போதவில்லை என்று பொருள், இனிமேல் ஒன்றேகால் லிட்டர் கொடுங்கள் என்று சொல்லி எழுதத் தொடங்கினார்.

அக்கா முன்னால் வந்தாள். டம்ளர் டம்ளராக வாங்கிக் குடித்த அப்பாவின் முகம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது.

"கூட்டாதீங்க டாக்டர். அவரு குடிச்சது ஒரு லிட்டர் இல்ல. எண்ணூறு மில்லிதான். நான்தான் அடியில மெழுகு வெச்சேன்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். பயமாக இருந்தது என்று மட்டும் அக்கா சொன்னாள். ஐஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வார்டில் அவ்வளவு பேர் முன்னிலையில் புருஷனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. டாக்டரம்மாவின் முகம் கடுத்தது. ஆளையே கொன்றிருப்பீர்களே என்றார். அக்கா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

"அவளைத் திட்டாதீங்க" என்றார் அத்தான். குரல் வறண்டிருந்தது. "நான் தினம் ஒரு தட்டு ஐஸ் தின்னேன். போன தடவை நீங்க பாராட்டினீங்களே, அன்னைக்குத்தான் விட்டேன்."

ஒரு தட்டில் எவ்வளவு இருக்கும் என்று டாக்டரம்மா கேட்டார். அத்தானுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊரையே அளந்தவர் அதை மட்டும் அளந்து பார்க்கவில்லை, திடப்பொருள் அல்லவா. அக்காதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒருநாள் தட்டு முழுவதையும் உருகவைத்து, என் மகளின் பழைய மருந்து மூடியால் ஐந்து ஐந்து மில்லியாக அளந்து பார்த்தாளாம். இருநூறு வந்ததாம். அந்த இருநூறுக்குத்தான் மெழுகு ஊற்றினாளாம்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தின வரைக்கும் சரியா ஒரு லிட்டர் போயிருக்கு" என்றார். பிறகு எழுதியதை அடித்துவிட்டு, ஒரு லிட்டர், ஐஸும் சேர்த்து, மெழுகு இல்லாமல் என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலை, இன்றைக்கு மேலே சண்டை நிச்சயம் என்று நான் மெஷினைக்கூடத் தொடாமல் படியேறினேன். ஒரு சத்தமும் இல்லை. அத்தான் மேஜையில் உட்கார்ந்திருந்தார், அக்கா அடுப்படியில் இருந்தாள். என் கைப்பையிலிருந்து மெழுகு வில்லையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு மட்டமாக ஊற்றியிருக்கிறாள் பார், ஒரு பக்கம்கூடச் சாயவில்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது எப்போ தெரியும் உங்களுக்கு?"

"வெச்ச அன்னைக்கே. வெறும் லிட்டர் எவ்வளவு கனக்கும்னு என் கைக்குத் தெரியாதா?"

அப்போதே ஏன் கேட்கவில்லை என்றேன். ஒரு கடைக்காரனைக்கூட விடாதவர் இதை எப்படி விட்டீர்கள் என்றேன். அவர் வில்லையைக் கீழே வைத்தார்.

"கடைக்காரன் எதுக்கு வெச்சான்னு கேட்டு எழுதுவேன். இவ எதுக்கு வெச்சான்னு நான் கேட்டுத்தான் தெரியணுமா? உங்க அப்பா போனப்போ நானும்தானே கூட இருந்தேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா வந்தாள். அவருக்குக் கை இன்னும் தெம்பாகவில்லை, அதனால் அவளே பித்தளை லிட்டரை நிரப்பினாள். கண்ணாடித் துண்டைத் தள்ளிக் குமிழி பார்த்தாள். ஜாடியில் ஊற்றிவிட்டு, அளவையைத் தலைகீழாகப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. எதுவாக இருந்தாலும் ஊற்றிய வேகத்தில் கழுவப் போட்டுவிடுகிறவள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

அத்தானால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "போதும், விடு" என்றார்.

"இருங்க" என்றாள் அக்கா. "இன்னும் ஒரு சொட்டு இருக்கு. அது உங்களோடது."

விளிம்பில் அது திரண்டு நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.